கன்பூசியஸின் கொடிவழி: கீழிருந்து மேலே தேடும் முறை

பழஞ்சீனத்தின் ஞானி கன்பூசியஸின் குடும்ப வரலாற்றைத் தேட நினைப்பவர்களில் பலர் கன்பூசியஸிடமிருந்தே தொடங்குகிறார்கள். அவருடைய மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று இறங்கிக்கொண்டே வந்தால் இன்றைய மனிதரை எட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் 2009-இல் வெளிவந்த குலப்பதிவேடு 80 தொகுதிகள், சுமார் 43,000 பக்கங்கள். அதில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. மேலிருந்து இறங்கினால் ஒவ்வொரு தலைமுறையிலும் எந்தக் கிளைக்குள் போவது என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும். கீழிருந்து ஏறினால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு மகனுக்குத் தந்தை ஒருவர்தான். உறுதியாகத் தெரிந்த கடைசி மனிதரிடமிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுவதுதான் முறை.

தேடத் தொடங்குமுன் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட கோங் குடும்பம் கன்பூசியஸின் வழியில் வந்ததா என்பது ஒரு கேள்வி. பேரரசர்கள் கொடுத்த பட்டத்தை யார் யார் வகித்தார்கள் என்பது இன்னொன்று. குடும்பத்திலிருந்து வந்த அறிஞர்கள் எதை விட்டுச் சென்றார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் சான்றுகள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றுக்கு வைத்தால் தவறான விடைதான் வரும்.

முதலில் எழுத்து, பிறகுதான் ஒலி

அவருடைய குலப்பெயர் கோங், இயற்பெயர் ச்சியூ. ‘கோங் ஃபூஸி’, அதாவது கோங் ஆசான் என்ற மரியாதைப் பெயரை ஐரோப்பியப் பாதிரியார்கள் லத்தீனாக்கியதில் பிறந்ததுதான் கன்பூசியஸ் என்ற பெயர்.

கோங் என்ற எழுத்தில் மொத்தம் நான்கு கோடுகள். இடது பக்கம் ‘பிள்ளை’ என்ற எழுத்து மூன்று கோடுகளில் இருக்கும். வலது பக்கம் மேலிருந்து இறங்கிக் கீழே வளைந்து முடியும் ஒரே கொக்கிக் கோடு. இதை மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டோ கல்லறையோ பழைய கடிதமோ, எதைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது இந்த உருவத்தைத்தான்.

எழுத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் நம்பினால் முதல் படியிலேயே வழுக்கும். இதே எழுத்தை மாண்டரின் பேசுவோர் கோங் என்பார்கள். தைவானில் ரோமன் எழுத்தில் எழுதும்போது குங் என்றாகும். ஹாங்காங்கின் கான்டனீஸ் பேச்சில் ஹுங். வியட்நாமில் கோம் அல்லது கோங் போல ஒலிக்கும். கொரியாவில் கொங். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஹாங்காங்கில் ஹுங் என்று எழுதுபவர் ‘வெள்ளம்’ என்று பொருள்படும் வேறொரு குலப்பெயருக்கு உரியவராக இருக்கலாம். கான்டனீஸ் பேசும் குடும்பத்தில் கோங் என்று எழுதுபவர் ‘ஆறு’ என்று பொருள்படும் குலப்பெயருக்கு உரியவராக இருக்கலாம். அதனால் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறப்புச் சான்று, கல்லறைக் கல், கோயில் பலகை என்று சீன எழுத்தில் பெயர் எழுதப்பட்ட ஒன்று கையில் வேண்டும்.

எழுத்து சரியாக இருந்தாலும் அது மட்டும் போதாது. கோங் என்ற குலப்பெயர் பழங்காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தனித்தனியாகத் தோன்றியது. கன்பூசியஸின் உரையாடல் தொகுப்பிலேயே வெய் நாட்டு அமைச்சர் கோங் யூ வருகிறார். எழுத்து ஒன்றுதான், ஆனால் அவர் கன்பூசியஸுக்கு உறவினர் அல்ல. எல்லாக் கோங்குகளும் கன்பூசியஸின் வழிவந்தவர்கள் என்று எழுதுபவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

தலைமுறை எழுத்து: கையில் இருக்கும் சிறந்த திறவுகோல்

கோங் குடும்பத்தில் ஒருவர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதை அவர் பெயரே சொல்லிவிடும். குலப்பெயருக்கு அடுத்து வரும் எழுத்து தலைமுறைக்கு உரியது, அதற்கடுத்த எழுத்துதான் அவருக்கே உரியது. இந்த வரிசை மிங் வம்சத் தொடக்கத்தில் நிலைபெற்றது. பிறகு படிப்படியாக நீட்டப்பட்டது. 1919 வாக்கில், 76ஆம் தலைமுறைத் தலைவர் கோங் லிங்யியின் காலத்தில், கடைசி இருபது எழுத்துகள் சேர்ந்தன. இப்போது 56 முதல் 105 வரை ஐம்பது தலைமுறைகளுக்கு எழுத்து தயாராக இருக்கிறது.

அதிகம் தேவைப்படும் பகுதி இது: 56 சி, 57 யென், 58 கோங், 59 யென், 60 செங், 61 ஹோங், 62 வென், 63 ஜென், 64 ஷாங், 65 யென், 66 சிங், 67 யூ, 68 சுவான், 69 ஜி, 70 குவாங், 71 ஜாவ், 72 சியென், 73 ச்சிங், 74 ஃபான், 75 சியாங், 76 லிங், 77 தெ, 78 வெய், 79 சுய், 80 யோ, 81 ச்சின், 82 ஷாவ், 83 நியென், 84 சியென், 85 யாங்.

இதைத் தமிழில் எழுதும்போதே ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. 57, 59, 65 மூன்றுமே ‘யென்’. 72-ம் 84-ம் ‘சியென்’. 58-இன் எழுத்து குலப்பெயரைப் போலவே ‘கோங்’ என்று வந்துவிடுகிறது. சீனத்தில் இவை தனித்தனி எழுத்துகள். பட்டியலைச் சீன எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தலைமுறை எண்ணையும் பக்கத்தில் குறித்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெயர்ப்பை வைத்துத் தலைமுறையை முடிவு செய்யவே கூடாது.

பழைய ஏடுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. பேரரசரின் பெயரில் உள்ள எழுத்தைக் குடிமக்கள் எழுதக்கூடாது என்பது அந்தக் கால விதி. 65ஆம் தலைமுறையின் முதல் எழுத்து ‘யின்’ ஆகத்தான் இருந்தது. யோங்ஜெங் பேரரசரின் இயற்பெயரில் அதே எழுத்து இருந்ததால் ‘யென்’ ஆக மாற்றினார்கள். மிங் ஆட்சியின் இறுதியில் குடும்பத் தலைவராக இருந்த கோங் யின்ஜி பிற்கால ஏடுகளில் கோங் யென்ஜி ஆகிவிட்டார். இரண்டும் ஒரே ஆள். 61ஆம் தலைமுறையின் ‘ஹோங்’ எழுத்தையும் ச்சியென்லோங் பேரரசரின் பெயர் காரணமாக அதே ஒலியுள்ள வேறொரு எழுத்தாக்கினார்கள். இது தெரியாவிட்டால் ஒருவரையே அண்ணன் தம்பி இருவராக எழுதிவிடுவீர்கள்.

57ஆம் தலைமுறை தனி வகை. அந்தத் தலைமுறைத் தலைவரின் பெயர் கோங் நெ. ‘யென்’ எங்கே போயிற்று என்று தேட வேண்டாம். ‘யென்’ என்றால் பேச்சு. நெ என்ற ஒற்றை எழுத்தின் இடப்பக்க உறுப்பாக அதே ‘பேச்சு’ எழுத்து உட்கார்ந்திருக்கும். தலைமுறை அடையாளம் எழுத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

தலைமுறை எழுத்து இருந்தால் மட்டும் வழித்தோன்றல் என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. கன்பூசிய மரபின் மற்றப் பெரியோர்களான மென்சியஸின் மெங் குடும்பம், யென் ஹுயின் யென் குடும்பம், செங்ஸியின் செங் குடும்பம் ஆகியவையும் இதே வரிசையைப் பின்பற்றுகின்றன. பதிவேட்டில் இல்லாத ஒருவர் விரும்பி இந்த எழுத்தை வைத்துக்கொண்டாலும் யாரும் தடுத்துவிட முடியாது. எழுத்து திசை காட்டும், பதிவேடுதான் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும். மறுபுறம், எழுத்து இல்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளிவிடவும் கூடாது. இருபதாம் நூற்றாண்டில் பலர் தலைமுறை எழுத்தை விட்டுவிட்டு இரண்டெழுத்துப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த இடங்களில் தாத்தாவின் பெயரைக் கண்டுபிடியுங்கள், அங்கே எழுத்து மீண்டும் தட்டுப்படும்.

கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க ஒரு அளவுகோல் உண்டு. கன்பூசியஸ் முதல் தலைமுறை. 77ஆம் தலைமுறை கோங் தெசெங் 1920-இல் பிறந்தார். இடையில் 2,470 ஆண்டுகள், 76 படிகள். படிக்குச் சராசரி 32.5 ஆண்டு. இது தலைமைக் கிளையின் வேகம். மற்றக் கிளைகள் முன்பின் இருக்கும். 76ஆம் தலைமுறை கோங் லிங்யி 1872-இல் பிறந்தவர். சீனக் குடியரசின் நிதியமைச்சராக இருந்த கோங் சியாங்சி அவருக்குப் பிறகு, 1880 வாக்கில் பிறந்தும் 75ஆம் தலைமுறை. வயதில் இளையவர் தலைமுறையில் மூத்தவராக இருப்பது பிழையல்ல. ஆனால் ஒருவருடைய பட்டியலில் சராசரி 22 ஆண்டு என்றோ 45 ஆண்டு என்றோ வந்தால், எங்கோ ஒரு பெயர் கூடியிருக்கிறது அல்லது விட்டுப்போயிருக்கிறது.

எந்தப் பதிவேட்டைத் திறப்பது

குலப்பதிவேட்டைச் சீனத்தில் ஜியாபு என்பார்கள். கோங் குடும்பத்தின் அச்சிட்ட பதிவேடு சோங் வம்சத்தில், 11ஆம் நூற்றாண்டில், 46ஆம் தலைமுறை கோங் சோங்ஹானின் கையால் தொடங்கியது. பிறகு அறுபது ஆண்டுக்கு ஒரு பெரிய திருத்தம், முப்பது ஆண்டுக்கு ஒரு சிறிய திருத்தம் என்று விதி வகுத்தார்கள். அறுபதாண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டான ஜியாஸியில் பெரியது, முப்பத்தோராம் ஆண்டான ஜியாவூவில் சிறியது. விதி எப்போதும் நடைமுறைக்கு வரவில்லை. மிங் ஆட்சியின் தியென்ச்சி காலம் (1620-கள்), 1684, 1744, பிறகு 1930-களில் தொடங்கி 1937-இல் முடிந்தது, கடைசியாக 1998-இல் தொடங்கி 2009-இல் வெளியானது என ஐந்து பெருந்திருத்தங்களைக் கணக்கில் கொள்வார்கள்.

1937 பதிப்பில் சுமார் 5,60,000 பேர். 2009 பதிப்பில் இருபது லட்சத்துக்கு மேல். இந்த வளர்ச்சி முழுவதும் பிள்ளைப்பேற்றால் வந்ததல்ல. முன்பு விடுபட்ட கிளைகள் சேர்க்கப்பட்டன. வெளிநாட்டிலிருப்பவர்கள், சிறுபான்மை இனங்களோடு கலந்தவர்கள் சேர்க்கப்பட்டார்கள். முதன்முறையாகக் குடும்பத்துப் பெண்களும் தனிப் பதிவாக இடம்பெற்றார்கள். ஆகவே 1937-இல் ஒரு பெயர் இல்லை என்றால் அந்தக் குடும்பம் கோங் அல்ல என்று பொருளாகாது. போர் நெருங்கிய காலத்தில் தொலைவிலிருந்த கிளைகள் பல விவரம் அனுப்பவில்லை.

வேலை செய்யும் வரிசை இதுதான். முதலில் 2009 பதிப்பில் கிளையைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து 1937-க்குப் போங்கள். பிறகு 1744. பதிப்புகள் ஒத்துப்போகும் இடம் வலுவானது. 2009-இல் புதிதாக முளைத்து 1744-இல் இல்லாத இணைப்பு எங்கே இருக்கிறதோ, அங்கே உங்கள் முழுக் கவனத்தையும் செலுத்துங்கள். பெரும் பதிவேட்டில் சேர்வதற்குமுன் அந்தக் கிளை தனக்கென்று உள்ளூர்ப் பதிவேடு வைத்திருக்கும், அதைத் தேட வேண்டும். ஷாங்காய் நூலகத்தின் குலப்பதிவேட்டுத் தொகுப்பும், ஃபேமிலிசர்ச் தளத்தின் இலவசப் படத்தொகுப்பும் அதற்கு நல்ல இடங்கள். தேடும்போது ‘கோங்’ என்று மட்டும் போடாமல் மாகாணம், மாவட்டம் இரண்டையும் சீன எழுத்தில் சேர்த்துத் தேடுங்கள்.

கன்பூசியஸின் சொந்த ஊரான சூஃபூவின் கோங்குகள் தங்களுக்குள் இருபது கிளைகளாகவும், அவற்றுக்குள் அறுபது ‘ஹு’, அதாவது மனைகளாகவும் பிரிந்திருக்கிறார்கள். உள்ளூர்ப் பதிவேட்டில் மனையின் பெயர் இருந்தால் பெரும் பதிவேட்டில் தேடும் வேலை பல நாள் குறையும். அதை முதல் பக்கங்களிலேயே தேடிவிடுங்கள்.

ஒரு பதிவை வாசிப்பது

பழைய ஏடுகள் வலமிருந்து இடமாகத் திரும்பும், எழுத்து மேலிருந்து கீழாக ஓடும். ஓர் அட்டவணையில் பொதுவாக ஐந்து தலைமுறைகள் இருக்கும். ஐந்தாமவர் அடுத்த அட்டவணையின் உச்சியில் மறுபடியும் வருவார். அவரை இரண்டு முறை எண்ணிவிடுவதுதான் தொடக்கக்காரர்கள் செய்யும் பெரும்பிழை. பெயருக்கு அருகில் இயற்பெயர், வயது வந்தபின் சூட்டிய பெயர், சில வேளை புனைபெயர் என மூன்று இருக்கும். மூன்றும் மூன்று ஆள் அல்ல. மனைவியின் பெயர் பெரும்பாலும் பிறந்த குலப்பெயரோடு நின்றுவிடும். மகள்கள் பழைய பதிப்புகளில் இருக்க மாட்டார்கள்.

கட்டாயம் அடையாளம் காண வேண்டிய குறிப்புகள் நான்கு: தத்துப் போனவர், தத்து வந்தவர், இளவயதில் இறந்தவர், வாரிசின்றி முடிந்தவர். தத்து சாதாரண விஷயமில்லை. தலைமைக் கிளையிலேயே 72ஆம் தலைமுறை கோங் சியென்பெய்க்குப் பிள்ளை இல்லை. தம்பி மகன் கோங் ச்சிங்ரோங் தத்து வந்து 73ஆம் தலைமுறைத் தலைவரானார். பட்டத்தின் வரிசையில் சியென்பெய் அவருக்குத் தந்தை, இரத்த வரிசையில் பெரியப்பா. உங்கள் தாளில் இரண்டு கோடுகள் போடுங்கள்: சட்டப்படியான தந்தைக்கு முழுக்கோடு, பெற்ற தந்தைக்குப் புள்ளிக்கோடு.

ஆண்டுகள் ஆட்சிப் பெயராலோ அறுபதாண்டுச் சுழற்சிப் பெயராலோ இருக்கும். கிறித்து ஆண்டிலிருந்து 4-ஐக் கழித்து 60-ஆல் வகுத்தால், மீதி 0 என்றால் ஜியாஸி, 30 என்றால் ஜியாவூ. 1744-இலிருந்து 4 போக 1,740, மீதமின்றி வகுபடும். 1654-க்கு மீதி 30. சுழற்சிப் பெயர் மட்டும் இருந்து ஆட்சிப் பெயர் இல்லையென்றால் அறுபது ஆண்டு முன்னே பின்னே போக வாய்ப்புண்டு. தந்தையின் ஆண்டோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டாம் மாதத்தில் பிறந்தவர் பெரும்பாலும் அடுத்த கிறித்து ஆண்டுக்குள் விழுவார்.

வயதில் ஒன்று கூடும். பிறந்தவுடனே ஒரு வயது என்பது பழைய எண்ணிக்கை. கன்பூசியஸ் கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்தார், ஏடு 73 வயது என்கிறது. அது சரிதான்.

கொடி அறுந்த இடங்கள்

பெரும்பாலான கிளைகளில் மேலே ஏறும்போது இரண்டு முடிச்சுகளைக் கடந்தே ஆக வேண்டும்.

முதலாவது 48ஆம் தலைமுறை. வடகிழக்கிலிருந்து வந்த ஜுர்சென் இனத்தார் வடசீனத்தைப் பிடித்தபோது குடும்பத் தலைவர் கோங் துவான்யோ, சோங் பேரரசரைப் பின்தொடர்ந்து 1120-களின் இறுதியில் தெற்கே போய், ஜெஜியாங்கின் ச்சூஜோவில் குடியேறினார். சூஃபூவில் மிஞ்சியவர்களிலிருந்து ஜுர்சென் அரசு இன்னொரு தலைவரை அமர்த்தியது. வடக்கு, தெற்கு என்று இரண்டு பட்டங்கள் ஒரே காலத்தில் நடந்தன. 1282-இல் 53ஆம் தலைமுறை கோங் ஜூவை மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் அழைத்தபோது, தெற்கே இருக்கும் முன்னோர் கல்லறைகளை விட்டு வர இயலாது என்று சொல்லி, வடக்குக்கே பட்டத்தை விட்டுக்கொடுத்தார். 1120-களுக்கும் 1282-க்கும் இடையில் குடும்பத் தலைவருக்குரிய ‘யென்ஷெங் பிரபு’ என்ற பட்டத்தோடு ஒரு பெயரைப் பார்த்தால் எந்த அரசு கொடுத்த பட்டம் என்று கேட்காமல் மேலே போகாதீர்கள். தெற்குக் கிளையைத் தேடுபவர்கள் ச்சூஜோவின் குடும்பக் கோயிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது முடிச்சு இன்னும் இறுக்கமானது. குடும்ப மரபின்படி, 913-இல் கோங் மோ என்ற பணியாள் 42ஆம் தலைமுறை கோங் குவாங்ஸியைக் கொன்று பதவியைப் பிடித்துக்கொண்டான். குழந்தை கோங் ரென்யூ தாய்வழிப் பாட்டி வீடான ஜாங் குடும்பத்தில் ஒளித்து வளர்க்கப்பட்டார், பிறகு அரசு 930-இல் அவரை மீட்டு அமர்த்தியது. அதனால் 43ஆம் தலைமுறை ரென்யூவை ‘மீண்டும் எழச் செய்த முன்னோர்’ என்கிறார்கள். சூஃபூ கோங்குகள் எல்லாரும் இந்த ஒரு மனிதர் வழியாகத்தான் மேலே ஏறுகிறார்கள். கோங் மோவின் வழியினரை ‘வெளிக்கோங்’ என்று ஒதுக்கிப் பதிவேட்டில் சேர்க்காமல் விட்டார்கள். ஆகவே உங்கள் கிளை சூஃபூவைச் சேர்ந்தது என்றால் 43-ஐத் தொட்டுத்தான் போக வேண்டும். அதைத் தொடாமல் நேரே 40-க்குத் தாவினால், அதற்குமுன்பே ஊரைவிட்டுப் பெயர்ந்த கிளையாக இருக்க வேண்டும். அப்படிச் சில உண்டு. பெயர்ந்ததற்கான தனிச் சான்று இல்லாமல் அதை ஏற்க வேண்டாம்.

கொரியக் கிளை எளிது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் யுவான் (மங்கோலிய) இளவரசியுடன் கோரியோ நாட்டுக்கு, அதாவது அன்றைய கொரியாவுக்குப் போன 54ஆம் தலைமுறை கோங் ஷாவிடம் எல்லாம் போய்ச் சேரும். கொரியாவில் அவர் பெயரை ‘கொங் சோ’ என்பார்கள்.

பழைய நுனி: ஏடும் கல்லும்

முதல் பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளுக்கு அடிப்படை, கி.மு. முதல் நூற்றாண்டுக்குச் சற்று முன்பின் சிமா சியென் எழுதிய வரலாற்று நூலின் 47ஆம் அதிகாரம். மகன் கோங் லி, பேரன் கோங் ஜி, பிறகு ஒவ்வொருவராக இறங்கும். கோங் ஜியைத்தான் ட்ஸூஸு என்பார்கள். அந்த நூல் ஒவ்வொருவரும் எத்தனை வயதில் இறந்தார் என்றுதான் சொல்கிறது, எந்த ஆண்டில் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அதை வைத்துக்கொண்டு பிறந்த ஆண்டுகளை அடுக்கும் பட்டியல்கள் ஊகம்தான்.

ட்ஸூஸுவின் வயது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏடு 62 என்கிறது. அவருடைய தந்தை கோங் லி 50 வயதில், கன்பூசியஸுக்கு முன்பே இறந்தார், அது கி.மு. 483 வாக்கில். அப்படியானால் ட்ஸூஸு அதற்குள் பிறந்திருக்க வேண்டும். 62 வயது என்றால் கி.மு. 421-ஐத் தாண்டியிருக்க முடியாது. ஆனால் கன்பூசியஸின் சொந்த நாடான லூவின் மூ பிரபு அவரை மதித்துப் போற்றியதாக மென்சியஸ் நூல் சொல்கிறது. மூ பிரபு ஆட்சிக்கு வந்ததோ கி.மு. 415-க்கு முன்னால் அல்ல. அதனால் 82 என்பதே 62 என்று படியெடுக்கப்பட்டிருக்கும் என்று பலர் கொள்கிறார்கள். பல நூல்களில் வரும் ‘கி.மு. 483–402’ என்ற ஆண்டுகள் இந்தத் திருத்தத்திலிருந்து பிறந்தவை. எழுதும்போது அதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

அதே அதிகாரத்தில் கோங் அன்குவோவை எண்ணினால் 12ஆம் இடம் வரும். வேறு மரபுகள் அவரை 11ஆம் தலைமுறை என்கின்றன. ‘இத்தனையாம் தலைமுறைப் பேரன்’ என்ற தொடரில் முதல்வரைச் சேர்த்து எண்ணுகிறார்களா, விட்டு எண்ணுகிறார்களா என்பதும் ஏட்டுக்கு ஏடு மாறும். எண்ணை நம்பாமல் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாருங்கள்.

கல்லில் கிடைக்கும் சான்றுகளில் மிகவும் மதிப்பானது சூஃபூவில் இருக்கும் கோங் ஜோவின் நினைவுக்கல், கி.பி. 164-இல் நட்டது. தொடக்க வரியிலேயே, இவர் கன்பூசியஸின் 19ஆம் தலைமுறைப் பேரன் என்று பொறித்திருக்கிறார்கள். அவருடைய மகன், புகழ்பெற்ற கோங் ரோங், வரலாற்று நூலில் 20ஆம் தலைமுறை. கல்லும் ஏடும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இரண்டாம் நூற்றாண்டிலேயே குடும்பம் எண்ணிக்கையைத் தவறவிடாமல் வைத்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கன்பூசியஸுக்கு முன்னாலும் போகலாம், ஆனால் அங்கே மரபு அதிகம், சான்று குறைவு. ஷாங் அரச குலம், அதிலிருந்து பழைய சோங் நாட்டு (பிற்காலச் சோங் வம்சம் அல்ல) அரசர்கள், பிறகு கி.மு. 710-இல் கொல்லப்பட்ட சோங் அமைச்சர் கோங்ஃபூ ஜியா. அவர் பெயரிலிருந்துதான் கோங் என்ற குலப்பெயர் வந்தது. அவர் வழியினர் லூ நாட்டுக்குப் பெயர்ந்தார்கள்.

பட்ட வரிசை

இதை விரைவாகக் கடக்கலாம். கி.பி. 1-இல் பாவ்செங் கோமான் என்ற பட்டம். 739-இல் கன்பூசியஸ் வென்சுவான் அரசராக உயர்த்தப்பட்டார், வாரிசுக்கு வென்சுவான் பிரபு என்ற பட்டம். 1055-இல் 46ஆம் தலைமுறை கோங் சோங்யுவானிலிருந்து யென்ஷெங் பிரபு. 1935-இல் அந்தப் பட்டம் முடிந்து வழிபாட்டு அதிகாரி என்ற பதவி வந்தது. அதை முதலில் வகித்த கோங் தெசெங் 2008-இல் தைவானில் காலமானார், 2009 முதல் 79ஆம் தலைமுறை கோங் சுய்சாங் வகிக்கிறார். பதவி வகிக்காமலே தலைமுறை எண்ணில் இடம்பெறுபவர்களும் உண்டு. 69ஆம் தலைமுறை கோங் ஜிஹு தந்தைக்கு முன்பே இறந்தார், பட்டம் தாத்தாவிடமிருந்து நேரே பேரனுக்குப் போனது.

சூஃபூவில் பார்க்க வேண்டியவை

ஷாண்டோங் மாகாணத்தின் சூஃபூவில் கோயில், மாளிகை, கல்லறைக்காடு மூன்றும் 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. மாளிகையின் ஆவணங்கள் 1534 முதல் 1948 வரையிலானவை. நிலம், குத்தகை, வழக்கு, திருமணம், வாரிசுரிமை எல்லாம் அதில் உண்டு. பதிவேட்டில் ஒருவர் தத்து என்று மட்டும் இருந்தால், அந்தத் தத்து ஏன், யாருடைய ஒப்புதலுடன் நடந்தது என்பதற்கு இந்த ஆவணங்களின் அச்சுத் தொகுப்புகளைப் பார்க்க வேண்டும்.

கல்லறைக்காட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். முதலில் நடுவில் உள்ள மூன்றைப் பாருங்கள். கன்பூசியஸுக்குக் கிழக்கே மகன், தெற்கே பேரன். ‘மகனைக் கைப்பிடித்து, பேரனை அணைத்து’ என்று இந்த அமைப்பைச் சொல்வார்கள். கன்பூசியஸின் முன்னால் நிற்கும் கல் 1443-இல் நட்டது, 1966-இல் பண்பாட்டுப் புரட்சியின் செங்காவலர்கள் அதை உடைத்தார்கள், பிறகு துண்டுகளைச் சேர்த்து நிறுத்தினார்கள். ஒட்டின கோடுகள் இன்றும் தெரியும். அந்தக் காலத்தில் உடைந்த கற்கள் இங்கு ஏராளம். ஆகவே கல் புதிதாக இருந்தால் எழுத்து பழையதன் நகலா, பிற்காலத்தில் எழுதியதா என்று பாருங்கள்.

மற்றக் கல்லறைகளில் கல்லின் முகப்பில் பெரும்பாலும் ‘இத்தனையாம் தலைமுறை’ என்ற எண்ணும் பெயரும் இருக்கும். பின்புறத்தையும் படமெடுங்கள். யார் நட்டார்கள், மகன்கள் யார் என்பது அங்கேதான் வரும். காலைச் சாய்வு வெயிலில், கல்லுக்குப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவதோ சுண்ணம் தேய்ப்பதோ வேண்டாம், அது கல்லை அரிக்கும். கல்லறைக்காட்டில் இல்லை என்பதால் ஒருவரைக் குடும்பத்தவர் அல்ல என்றும் சொல்ல முடியாது. துறவியானவர்கள், குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள், சிறுவயதில் இறந்தவர்கள் போன்றோரை அங்கே அடக்கம் செய்யாத மரபு இருந்தது.

இரத்தம் காட்டுவதும் நூல் காட்டுவதும்

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதால், இரண்டு கோங் ஆண்கள் ஒரே தந்தைவழியினரா என்று டிஎன்ஏ சோதனை சொல்லும். கன்பூசியஸின் வழியினரா என்று அதனால் சொல்ல முடியாது, ஒப்பிட அவருடைய மாதிரி கையில் இல்லை. நடுவில் ஒரு தத்து வந்திருந்தால் பதிவேடு சரியாகவே இருந்தாலும் சோதனை ஒத்துப்போகாது. ஆகவே சோதனையை இரு கிளைகளின் உறவை அறிய மட்டும் வையுங்கள்.

அறிவு வழியைத் தேடுவதற்கு வேறு கொடி இருக்கிறது. ட்ஸூஸுவின் சீடர்களிடம் மென்சியஸ் கற்றார் என்கிறார் சிமா சியென். ச்சின் ஆட்சியில் நூல்கள் எரிக்கப்பட்டபோது குடும்பத்தார் சுவருக்குள் ஒளித்து வைத்த ஏடுகள் ஹான் காலத்தில் வெளிவந்தன என்பது மரபு. அந்தப் பழைய எழுத்து ஏடுகளைப் படித்து விளக்கியவராக கோங் அன்குவோவைச் சொல்வார்கள். தாங் காலத்தில் ஐந்து மூலநூல்களின் அதிகாரபூர்வ உரையைத் தொகுத்தவர் கோங் யிங்தா. 1684-இல் காங்சி பேரரசர் சூஃபூவுக்கு வந்தபோது அவர் முன் உரை நிகழ்த்திய 64ஆம் தலைமுறை கோங் ஷாங்ரென்தான் அந்த ஆண்டுப் பதிவேட்டையும் தொகுத்தவர். பிறகு சீன நாடக இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்றார். இரத்தமும் கல்வியும் பதிவேடும் ஒரே கையில் சேர்ந்த இடம் அது.

தாளில் வைக்கும் முறை

ஒரு தலைமுறைக்கு ஒரு வரி. அதில் தலைமுறை எண், சீன எழுத்தில் முழுப்பெயர், வயது வந்தபின் சூட்டிய பெயர், தந்தை, சான்று (எந்தப் பதிப்பு, எந்தத் தொகுதி, எந்தத் தாள்), தத்து அல்லது பெயர்வு பற்றிய குறிப்பு. சான்று இடம் காலியாக இருக்கும் வரியை வேறு நிறத்தில் எழுதுங்கள். நடுவில் ஒரு வரி வேறு நிறத்தில் இருந்தால் அதற்கு மேலுள்ள எல்லாமே அந்த வரியைப் பொறுத்தவைதான்.

ஐந்தாவது திருத்தம் 2009-இல் முடிந்துவிட்டது. பழைய சுழற்சிப்படி எண்ணினால் அடுத்த ஜியாஸி ஆண்டு 2044. அதுவரை கையில் வைத்திருக்க வேண்டியவை: சீன எழுத்தில் பெயருள்ள சான்றின் நகல், முப்பாட்டன் வரை பெயரும் தலைமுறை எழுத்தும், குடும்பம் கடைசியாகப் புறப்பட்டு வந்த மாவட்டமும் ஊரும், மனையின் பெயர் தெரிந்தால் அதுவும், கல்லறைக் கற்களின் இருபக்கப் படங்கள்.